இருபத்தைந்தாவது பங்கு

முதலாம் பரமேசுவரவர்மனுக்குப் பள்ளிப் பாடநூலில் இரண்டு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. வாதாபியை வென்ற நரசிம்மவர்மன் அவனுக்குத் தாத்தா. காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன் அவனுக்கு மகன். இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவே நசுங்கிப்போனவன். காஞ்சிபுரத்துப் பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில் கைலாசநாதர் கோயிலுக்குப் பிள்ளைகளை வரிசை கட்டி அழைத்துப் போவேன். கூரத்துக்கும் போகலாம் என்றால், "அங்க என்ன டீச்சர் இருக்கு?" என்று உடன் வேலை பார்த்தவர்களே கேட்பார்கள்.

இருக்கிறது. நகரிலிருந்து பத்து கிலோமீட்டர் போல. பல்லவர் காலக் கற்றளி ஒன்றின் மிச்சம் அங்கே உண்டு. கேசவப் பெருமாள் கோயிலில் கூரத்தாழ்வானுக்குச் சன்னிதி உண்டு. அந்த ஊரில் கிடைத்த பல்லவர் கால நடராசர் செப்புத் திருமேனி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் நான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பியவை இவையல்ல. நாடு கெட்டுக் கிடக்கிறதே, அதிகாரத்தில் இருப்பவன் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறானே, நம்மால் ஆவது என்ன என்று கையைப் பிசைகிறவர்களிடம் சொல்லக் கூரத்துக்கு இரண்டு கதை உண்டு. ஒன்று ஓர் அரசன் தோற்று எழுந்த கதை. இன்னொன்று, ஊர்க்காரர் ஒருவர் அரசனுக்குப் பணியாத கதை.

முதல் கதை 642இல் தொடங்குகிறது. நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தான். சாளுக்கியரின் தலைநகரம் பத்தாண்டுக்கு மேல் பல்லவர் கையில் கிடந்தது. அந்தக் கணக்கைத் தீர்க்க வந்தவன் இரண்டாம் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன். காஞ்சியைப் பிடித்தான். அதோடு நிற்காமல் காவிரிக்கரை வரை போனான். 674இல் அவன் கொடுத்த கத்வால் செப்பேடு, உறையூரில் பாசறை போட்டிருந்தபடியே எழுதியது. வாதாபியில் நம்மவர்கள் செய்ததைப் பெருமையாகப் படிக்கிறோம். காஞ்சியில் அவர்கள் செய்ததை இருண்ட காலம் என்கிறோம். வாதாபியில் இருந்த ஏதோ ஒரு குடும்பத்துக்கு இது தலைகீழாகத் தெரிந்திருக்கும். இதையும் வகுப்பில் சொல்வேன்.

தலைநகரை விட்டு ஓடிய பரமேசுவரவர்மன் படை திரட்டி, இன்றைய திருச்சி மாவட்டத்தில் லால்குடிப் பக்கம் இருக்கும் பெருவளநல்லூரில் விக்கிரமாதித்தனை எதிர்த்து நின்றான். அந்தப் போரை விவரிப்பதுதான் கூரத்துச் செப்பேடு. ஏழு ஏடுகள், பாதி வடமொழி, பாதி தமிழ். ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். போர்க்களத்துப் புழுதியில் சூரியன் நிலவுபோல மங்கித் தெரிந்ததாக அதை எழுதிய புலவர் சொல்கிறார். அரசன் ஏறிய யானைக்கு அரிவாரணம் என்றும் குதிரைக்கு அதிசயம் என்றும் பெயர் சொல்கிறார். பல லட்சம் படையோடு வந்த விக்கிரமாதித்தன் கந்தலைச் சுற்றிக்கொண்டு ஓடினான் என்று முடிக்கிறார். வென்றவன் வீட்டுப் புலவர் அப்படித்தான் எழுதுவார். இரண்டு தரப்புச் செப்பேட்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஆளுக்கொரு வெற்றி தெரியும்.

என்னைப் பிடித்து நிறுத்துவது போர் முடிந்த பிறகு வரும் தமிழ்ப் பகுதி. வடமொழி முழக்கமெல்லாம் அடங்கி, ஊர்க்கணக்கர் பேசுவதுபோல் ஏடு இறங்கிவிடுகிறது. ஊற்றுக்காட்டுக் கோட்டத்தில் நிலம் வாங்கியது, செங்கல் சுடச் சூளை, கூரத்தில் ஏரி, கோயில், மண்டபம். பாலாற்றிலிருந்து அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவர வெட்டிய கால்வாய்க்குப் பெரும்பிடுகு என்று பெயர். கோயிலுக்கு வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்று பெயர். அதற்காகப் பரமேசுவரமங்கலம் என்ற கிராமத்தை எழுதிக்கொடுத்து, அதன் வருவாயை இருபத்தைந்து பங்காகப் பிரிக்கிறார்கள். இருபது பங்கு வேதம் வல்ல பிராமணர்களுக்கு. மூன்று பங்கு, பூசை செய்யவும் கோயிலைப் பழுது பார்க்கவும், அனந்தசிவாசாரியர், புல்லசர்மர் என்ற இருவருக்கு. ஒரு பங்கு, மண்டபத்தில் தண்ணீரும் தீயும் வைக்க. மிச்சம் ஒன்று. அது அந்த மண்டபத்தில் பாரதம் வாசிக்க.

இந்தக் கடைசிப் பங்கைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். அதற்கு முன் ஒன்று. இருபது பங்கு யாருக்குப் போயிற்று என்று படிக்கும்போது, தறிக்காரன் மகளான எனக்கு வேறொரு கணக்கும் நினைவுக்கு வரும். பல்லவர் செப்பேடுகளில் தறி இறை என்று ஒரு வரி அடிக்கடி வருகிறது. தறி போட்டவன் கட்டியது. கால்வாயை வெட்டியவர்கள், சூளையில் செங்கல் அடுக்கியவர்கள் பெயர் ஏட்டில் இல்லை. அரசன் பெருந்தன்மையை மட்டும் பாடிவிட்டுப் போக என்னால் முடியாது.

ஆனாலும் அந்தக் கடைசிப் பங்கு பெரிய விஷயம். தலைநகரைப் பறிகொடுத்து மீண்ட ஒருவன் என்னென்ன செய்ய நினைப்பான்? கோட்டைச் சுவரை உயர்த்துவான், குதிரை வாங்குவான். அதையெல்லாம் அவனும் செய்திருப்பான். அதோடு ஒரு கிராமத்து மண்டபத்தில் கதை வாசிக்கச் சோறு எழுதிவைத்திருக்கிறான். அதுவும் எந்தக் கதை? ஆட்சியை இழந்து, காட்டுக்குப் போய், ஒளிந்து வாழ்ந்து, திரும்பி வந்து, வென்ற பிறகும் நிம்மதி இல்லாமல் போனவர்களின் கதை. போர்க்காலம் பார்த்த ஒரு தலைமுறை அந்த மண்டபத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கும். பக்கத்திலேயே தண்ணீரும் தீயும். வழிப்போக்கன் தாகத்துக்கு ஒன்று, குளிருக்கும் இருட்டுக்கும் ஒன்று. கெட்ட காலத்தில் ஓர் ஊர் கைவிடக்கூடாதவை என்று ஒரு பட்டியல் போடச் சொன்னால் எனக்கு இதற்கு மேல் தோன்றாது: தண்ணீர், தீ, பழுது பார்ப்பு, கதை. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாள், ஒவ்வொருவருக்கும் பங்கு.

*

இரண்டாவது கதைக்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் தாண்ட வேண்டும். இதற்குச் செப்பேடு கிடையாது. வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்வதும், என் பாட்டி சொன்னதும்தான்.

கூரத்தாழ்வான் என்று பின்னால் பெயர் பெற்ற திருமறுமார்பன், வடமொழியில் ஸ்ரீவத்ஸாங்கர், கூரத்தில் பெரும் நிலக்கிழார். தை மாதம் அஸ்த நட்சத்திரத்தில் பிறந்தவர். நாள் முழுக்க அன்னதானம் நடக்கும் மாளிகை. இரவில் அதன் கதவைச் சாத்தும் ஓசை காஞ்சி வரதராசர் சன்னிதி வரை கேட்குமாம். ஒருநாள் பெருந்தேவித் தாயாரே அது என்ன ஓசை என்று கேட்டதாகத் திருக்கச்சி நம்பி மூலம் அவர் காதுக்கு வருகிறது. தன் செல்வத்தின் சத்தம் கோயில் வரை போகிறதே என்று கூசிப்போய், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மனைவி ஆண்டாளோடு ராமானுசரைத் தேடித் திருவரங்கம் புறப்பட்டார். காட்டு வழியில் ஆண்டாள் அம்மாளுக்குப் பயம். ஏன் என்று கேட்டால், கணவர் நீர் அருந்தும் பொன்வட்டிலை மடியில் முடிந்து கொண்டுவந்திருக்கிறார். அதை வாங்கிக் காட்டில் எறிந்துவிட்டு நடந்தார் கூரத்தாழ்வான்.

பாவு பிணைக்கும்போது பாட்டி இந்தக் கதையைத்தான் அடிக்கடி சொல்வாள். "மடியில கனம் இருந்தாத்தான்டி வழியில பயம்" என்று முடிப்பாள். "நம்ம மடியில என்ன பாட்டி இருக்கு?" என்று கேட்டால், "அதான் நமக்குப் பயம் இல்லியே, பேசாம சாம்பல எடு" என்பாள். இழை விரலில் வழுக்காமல் இருக்கச் சாம்பல்.

ராமானுசர் ஸ்ரீபாஷ்யம் என்ற உரையை எழுத முனைந்தபோது போதாயன விருத்தி என்ற பழைய உரையைத் தேடி இருவரும் காஷ்மீரம் போனார்கள். கிடைத்த சுவடி கையில் தங்கவில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ராமானுசர் கலங்கி நின்றார். வழியில் இரவுகளில் அவர் தூங்கும்போது தான் முழுவதையும் படித்து மனத்தில் ஏற்றிவிட்டதாக ஆழ்வான் சொன்னார். நூலைப் பறிக்கலாம், படித்தவன் நினைவைப் பறிக்க முடியாது. பாரதம் வாசிக்கப் பங்கு எழுதிவைத்த ஊரில் பிறந்தவருக்கு அது புதிதாக இருந்திருக்காது.

பிறகுதான் சோழன் வருகிறான். நூல்கள் அவனைக் கிருமிகண்டன் என்கின்றன, கழுத்தில் புழு வைத்துச் செத்தவன் என்று. சிவனுக்கு மேலே தெய்வம் இல்லை என்று எழுதி, நாட்டிலுள்ள அறிஞர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்குகிறான். அவனிடம் அதிகாரியாக இருந்த நாலூரான், எல்லோரும் கையெழுத்துப் போட்டும் பயனில்லை, ராமானுசர் போட்டால்தான் போட்டதாகும் என்று எடுத்துக்கொடுக்கிறான். இந்த நாலூரான் யார்? கூரத்தாழ்வானிடமே பாடம் கேட்டவன். கெட்ட காலத்தில் காட்டிக்கொடுக்கிறவன் எப்போதும் வெளியூரிலிருந்து வருவதில்லை.

ஆட்கள் திருவரங்கத்து மடத்துக்கு வந்தபோது ராமானுசர் நீராடப் போயிருந்தார். ஆழ்வான் அவருடைய காவி உடையை உடுத்தி, முக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான்தான் ராமானுசன்" என்று வந்த ஆட்களோடு கிளம்பிவிட்டார். தள்ளாத வயதில் ராமானுசரின் ஆசிரியர் பெரிய நம்பியும் உடன் போனார். விஷயம் தெரிந்து ராமானுசர் ஆழ்வான் விட்டுச் சென்ற வெள்ளை வேட்டியை உடுத்திக்கொண்டு, சிலரோடு மேற்கே புறப்பட்டார். ஒருவர் முன்னால் போய் நிற்க, ஒருவர் தப்பிப்போக, மற்றவர்கள் திருவரங்கத்தில் இருந்து மடத்தைக் காக்க என்று வேலை பிரிந்தது. தப்பிப்போனவரைக் கோழை என்று யாரும் சொல்லவில்லை. நின்றவரை முட்டாள் என்றும் சொல்லவில்லை. இன்றைக்கு நம்மிடையே இந்த இரண்டு வசவும் தாராளம். ஊரை விட்டுப் போனவன் மேல் ஒரு வசவு, வாயை மூடிக்கொண்டு உள்ளே இருப்பவன் மேல் ஒரு வசவு. இருவரும் ஒரே காரியத்தின் இரண்டு பங்குகளைச் செய்கிறார்களா என்று கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

கங்கைகொண்ட சோழபுரத்து அவையில் ஓலையை நீட்டினார்கள். ஆழ்வான் மறுக்காமல் வாங்கி, அதில் ஒரு சொல் கூட்டி எழுதினார். சிவம் என்பது தானியம் அளக்கும் ஒரு சிற்றளவின் பெயரும்கூட. அதைவிடப் பெரிய அளவுக்குத் துரோணம் என்று பெயர். சிவத்துக்கு மேலே துரோணம் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். கையெழுத்தும் ஆயிற்று, பொய்யும் சொல்லவில்லை. அரசனுக்கு விளங்கிவிட்டது.

இப்படி எழுதத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் அற்றுப்போகவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மிசா சட்டத்தில் ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பத்திரிகைக்குத் தணிக்கை. யார் யார் கைதானார்கள் என்று அச்சிட வழியில்லை. பிப்ரவரி 3 எங்கள் ஊரில் பிறந்த அண்ணாவின் நினைவு நாள். அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோர் என்று அந்தக் கட்சியின் நாளேடான முரசொலியில் ஒரு பெயர்ப்பட்டியல் வந்தது. ஏன் இயலவில்லை என்று ஒரு சொல் இல்லை. அப்பா தறிக்குழியிலிருந்து காலை எடுத்துவிட்டு டீக்கடைக்குப் போனதும், அங்கே வழக்கமாக உரக்கப் படிக்கிற ஆள் அன்றைக்கு வாயைத் திறக்காமல் தாளைக் கை மாற்றி விட்டதும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரில் விரலை வைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கட்சியைப் பிடிக்காதவரும் அந்த பெஞ்சில் உண்டு. அவரும் விரல் வைத்தார். என்ன நடக்கிறது என்று ஒருவருக்கொருவர் தெரிந்துகொள்வதே அன்றைக்குச் செய்ய முடிந்த காரியமாக இருந்தது. அதைச் செய்தார்கள்.

ஆழ்வான் தன் ஒரு சொல்லுக்குக் கொடுத்த விலை பெரிது. கண்ணைப் பிடுங்கச் சொன்னான் சோழன். உன்னைப் பார்த்த கண் எனக்கே வேண்டாம் என்று ஆழ்வான் தானே பிடுங்கிப் போட்டார் என்பார்கள். பெரிய நம்பியின் கண்ணைப் பிடுங்கினார்கள். திரும்பும் வழியில் தஞ்சைப் பக்கம் பசுபதிகோயிலில் அவர் உயிர் போயிற்று. தெம்பான கதை வேண்டும் என்று இந்த இடத்தை மெல்லக் கடந்துபோவதில் எனக்கு உடன்பாடில்லை. துணிந்தவர் எல்லோரும் பிழைத்துத் திரும்புவதில்லை.

இங்கே வரலாற்று ஆசிரியையாக நான் குறுக்கிட வேண்டும். இந்தச் சோழன் யார்? முதலாம் குலோத்துங்கன் என்பார்கள் சிலர், இரண்டாம் குலோத்துங்கன் என்பார்கள் சிலர். முதலாமவன் காலத்தில் திருவரங்கத்துக்கே கொடைக் கல்வெட்டுகள் உண்டு. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்குச் செப்பேடு கொடுத்தவனும் அவனே. இரண்டாமவன் தில்லையில் கோவிந்தராசரை அகற்றிக் கடலில் சேர்த்ததை ஒட்டக்கூத்தர் பெருமையாகப் பாடியிருக்கிறார். கண் போன கதைக்குச் சமகாலக் கல்வெட்டுச் சான்று இல்லை. எழுதிவைத்தவர்கள் பின்வந்த வைணவர்கள். ஆகவே இதைச் சைவர்கள்மேல் எறியும் கல்லாக எடுத்துக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம். ஆழ்வான் பிறந்த ஊரிலேயே பல்லவன் கட்டிய சிவன் கோயிலும் இருக்கிறது. நான் இந்தக் கதையை மதிப்பது வேறு காரணத்துக்காக. ஆட்சியாளர் ஒருவர் மனச்சாட்சிக்குக் கையெழுத்துக் கேட்டால் என்ன செய்வது என்று ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்த பாடம் இது.

கண்ணிழந்து திருவரங்கம் திரும்பிய ஆழ்வானைக் கோயில் வாசலில் நிறுத்தினார்கள். ராமானுசரோடு தொடர்புள்ள யாரையும் உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு. வாசலில் நின்ற இன்னொருவன், "இவர் நல்லவர், எல்லோருக்கும் வேண்டியவர், விடலாம்" என்றான். ஆழ்வான் நின்றுவிட்டார். நல்ல குணம் என்னை என் ஆசிரியரிடமிருந்து பிரித்து உள்ளே அனுப்புமானால் அந்த நல்ல குணம் எனக்கு வேண்டாம் என்று திரும்பிவிட்டார். அவையில் நின்றதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அவையில் பகைவன் மிரட்டினான். இங்கே இரக்கப்பட்டவன் சலுகை காட்டினான். "நீங்க வேற சார், உங்கள யார் சொன்னாங்க, அவங்களத்தான் சொல்றோம்" என்று நம்மை மட்டும் தனியாகப் பிரித்து உள்ளே அழைக்கும் குரலை எத்தனை அலுவலகத்தில், எத்தனை தெருவில் கேட்டிருக்கிறோம்! அதற்கு உள்ளே போகாமல் நிற்பதற்குத் தனித் துணிவு வேண்டும்.

ஆழ்வான் மதுரைக்குப் பக்கத்தில் திருமாலிருஞ்சோலைக்குப் போனார். கண் இல்லை, ஆசிரியர் எங்கோ மைசூர்ப் பக்கம். அழகர் மீது சுந்தரபாகு ஸ்தவம் அங்கே இயற்றினார். அந்தப் பக்கம் ராமானுசரும் சும்மா இருக்கவில்லை. அவர் ஊரைப் பிரிந்திருந்தது பன்னிரண்டு ஆண்டு என்கிறது மரபு. போசள அரசன் விட்டுணுவர்த்தனன் ஆதரவில் மேல்கோட்டையில் திருநாராயணர் கோயில் எழுந்தது. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்று அழைத்து, ஆண்டில் சில நாள் கோயிலுக்குள் வரும் உரிமையும் அங்கே ஏற்பட்டது. சில நாள்தானா என்று இன்றைக்கு நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஓடிவந்த இடத்தில் ஒருவர் தனக்கு ஒதுங்க நிழல் தேடியதோடு நிற்காமல், மற்றவர்க்கும் கதவைத் திறக்கப் பார்த்தார் என்பதும் உண்மை.

பழைய பாவு தீரும்போது நெசவில் அதை அறுத்தெறிய மாட்டார்கள். அச்சுக்குள் நிற்கும் பழைய இழை நுனி ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து விரலால் முறுக்குவார்கள். ஆயிரக்கணக்கான இழை. பாட்டி ஒன்றைக்கூட விட மாட்டாள். அந்த நேரத்தில் தறி ஓடாது, ஒரு முழம் துணி இறங்காது, கூலியும் கிடையாது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வேலை நின்றுபோனது மாதிரி இருக்கும். அந்தப் பன்னிரண்டு ஆண்டு இப்படிப்பட்டது என்று எனக்குப் படுகிறது.

சோழன் இறந்தான், ராமானுசர் திரும்பினார். ஆழ்வானைக் காஞ்சிக்கு அழைத்துவந்து, வரதராசரிடம் கண்ணைக் கேள் என்றார். வரதராச ஸ்தவம் அப்போது பிறந்தது. பாடி முடித்து வரம் கேட்கும்போது ஆழ்வான் கண்ணைக் கேட்கவில்லை. தனக்குக் கிடைக்கிற பேறு நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும் என்றார். தன்னைக் காட்டிக்கொடுத்த அதே நாலூரானுக்கு.

சிறுமியாக இருந்தபோது எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "அவனுக்கு எதுக்குப் பாட்டி?" என்று சண்டை போடுவேன். "எதுக்குன்னா, அவன் திரும்பவும் வேற ஒருத்தனுக்கு எடுத்துக்குடுக்காம இருக்கணும்ல" என்பாள். அவளுக்குத் தத்துவம் தெரியாது. தெருவில் சண்டை போட்ட குடும்பங்கள் அடுத்த நாள் ஒரே தெருவில் பாவு நீட்ட வேண்டும் என்பது தெரியும். இருட்டு விலகிய பிறகும் நாலூரான்கள் ஊரில்தான் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்காத வெற்றி, அடுத்த விக்கிரமாதித்தனைக் கூட்டிவரும். வாதாபிக்கும் காஞ்சிக்கும் நடுவே ஒரு நூற்றாண்டாக நடந்தது அதுதானே.

*

கூரத்தில் கற்றதைக் காஞ்சி நகரம் ஒருமுறை பெரிய அளவில் செய்து காட்டியது. கோல்கொண்டா 1687இல் ஔரங்கசீப்பிடம் வீழ்ந்ததும் முகலாயப் படைகளின் அச்சம் தெற்கே பரவிற்று. 1688இல் காஞ்சிக் கோயில்களின் உற்சவத் திருமேனிகளை ஊரை விட்டுக் கடத்தினார்கள். வரதராசரைப் பிணம்போல் பாடையில் வைத்துத் தூக்கிப் போனார்கள் என்று சொல்வதுண்டு. போய்ச் சேர்ந்த இடம் உடையார்பாளையம். பங்காரு காமாட்சியும் ஊரை விட்டுப் போனாள், கடைசியில் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டாள். அச்சம் தணிந்து திருப்பிக் கேட்டபோது, உடையார்பாளையத்துத் தலைவருக்கு வரதரைப் பிரிய மனமில்லை. ஆத்தான் திருவேங்கட ராமானுச ஜீயர் இறங்கிப் பாடுபட்டார். யாரிடம் போனார்? ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானிடம் பணியில் இருந்த லாலா தோடர்மல் என்ற வடநாட்டு அதிகாரியிடம். அவர் போய் மீட்டுக்கொண்டுவந்தார். சக ஆண்டு 1632, அதாவது 1710 என்று வரதராசர் கோயில் கல்வெட்டு சொல்கிறது. கோயிலில் தோடர்மல்லுக்கும் அவர் தாய்க்கும் மனைவிக்கும் சிலை உண்டு, கை கூப்பி நிற்கிறார்கள். பட்டுச் சேலை வாங்க வந்து, அப்படியே பெருமாளையும் சேவித்துவிட்டுப் போகிறவர்கள் அந்தச் சிலைகளைக் கடந்துதான் போகிறார்கள். அச்சம் எந்த அரசின் பெயரால் வந்ததோ, அந்த அரசின் அதிகாரி ஒருவர் வழியாகவே மீட்சியும் வந்தது. இந்தப் பக்கம் எல்லோரும் நல்லவர், அந்தப் பக்கம் எல்லோரும் கெட்டவர் என்று ஜீயர் நினைத்திருந்தால் வரதர் இன்னும் உடையார்பாளையத்தில்தான் இருப்பார்.

இருபத்திரண்டு ஆண்டு. பாடை தூக்கியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்ததைப் பார்த்திருப்பார்கள்? அவர்கள் செய்தது அன்றைய பங்கு. மிச்சத்தைச் செய்ய யாராவது வருவார்கள் என்று வைத்துவிட்டுப் போனார்கள். வந்தார்கள்.

இப்போது என் பழைய மாணவிகள் போன் செய்து, "டீச்சர், பேப்பரத் திறக்கவே பயமா இருக்கு, இந்த நாடு உருப்படுமா?" என்று கேட்கிறார்கள். உருப்படும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வரலாறு படித்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. நீ என்ன பங்கு எடுத்திருக்கிறாய் என்று திருப்பிக் கேட்பேன். ஒருத்தி வார்டு சபைக் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறாள். ஒருத்தி தன் தெருக்காரர்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்கிறாள். ஒருத்தி வழக்கில் சிக்கியவர்களுக்காக மனு எழுதித் தருகிறாள். எதுவும் முடியவில்லை என்று அழுத ஒருத்தியிடம், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து வாரத்துக்கு ஒரு நாள் கதை படி என்றேன். "அதால என்ன டீச்சர் ஆகும்?" என்றாள். படையெடுப்பிலிருந்து மீண்ட அரசன் ஒருவன் வரவுசெலவு போடும்போது, கோயில் பழுது பார்க்கும் வேலைக்கும் வழிப்போக்கன் தண்ணீருக்கும் பக்கத்தில் அந்தக் காரியத்தையும் வைத்து ஒரு முழுப்பங்கு ஒதுக்கியிருக்கிறான் என்று செப்பேட்டைப் படித்துக் காட்டினேன். இப்போது அவள் வீட்டுத் திண்ணையில் வெள்ளிக்கிழமை தோறும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் உட்காருகிறார்கள். அரசு ஒதுக்காத பங்கை நாம்தான் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். ஏழைக்கும் அதற்கு ஒரு வெள்ளிக்கிழமை கிடைக்கும்.